காய வைத்த பதிவேடுகள்

தானே புயல் 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலம் பாலம் வழியாக மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே போனேன். பஸ் ஓடவில்லை. சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. அலுவலகத்தில் என் இருக்கைக்கு மேலே ஓடு பத்திரமாக இருந்தது. ஆனால் பதிவறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி பக்கத்துக் காம்பவுண்டில் கிடந்தது. மேல்தகடு துருப்பிடித்த இரும்பு அலமாரி ஒன்றுக்குள் இரவெல்லாம் மழை இறங்கியிருந்தது. அதற்குள்தான் எங்கள் பணிப்பதிவேடுகள்.

நான் அப்போது பணியமைப்புப் பிரிவில், அதாவது ஊழியர்களின் பணி விவரங்களைக் கவனிக்கும் பிரிவில், உதவியாளர். 1987 இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2024 ஜூனில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். முப்பத்தேழு ஆண்டுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவுதான். துறையின் பெயர் வேண்டாம். எந்தத் துறையின் பதிவறையைத் திறந்தாலும் கதை பெரிதாக மாறாது.

நனைந்தவை இருபத்து மூன்று. மின்சாரம் இல்லை, ஆகவே மின்விசிறி இல்லை. வெயிலில் வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும், பசை வெடிக்கும். தாழ்வாரத்தில் பெஞ்சுகளைப் போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே பழைய அரசிதழ்களைச் செருகி, நான்கு நாள் மாற்றி மாற்றி உலர்த்தினோம். அரசிதழ் அவ்வளவு பயன்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போது ஒன்று தெரிந்தது. நீலக்கறுப்பு மையில் எழுதியது நின்றது. பந்துமுனைப் பேனாவில் எழுதியதும் நின்றது. அழகான கையெழுத்துக்காரர்கள் பளிச்சென்ற நீல மையில் எழுதியதெல்லாம் கரைந்து பக்கம் முழுக்க வானம்போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் பிரிவில் அந்த மைப்புட்டியை நான் நுழையவிட்டதில்லை.

வெளியாருக்காக ஒரு வார்த்தை. பணிப்பதிவேடு என்பது ஓர் அரசு ஊழியர் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு நாள் வரை நடந்த எல்லாவற்றையும் எழுதும் புத்தகம். பிறந்த தேதி, நியமன ஆணை, பணி வரன்முறை (நியமனத்தை முறைப்படுத்துவது), தகுதிகாண் பருவம், ஊதிய உயர்வு, மாறுதல், விடுப்பு, தண்டனை, துறைத் தேர்வு எல்லாம் அதில் ஏற வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தப் புத்தகம்தான் ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கருத்துருவோடு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். அதில் ஏறாத ஆண்டு, வேலை பார்க்காத ஆண்டு. நீங்கள் அந்த ஆண்டு முழுக்க விடுப்பே எடுக்காமல் உழைத்திருந்தாலும் சரி.

இருபத்து மூன்றில் இருபதைக் காப்பாற்றினோம். மீதி மூன்றில் ஒன்று எங்கள் இரவுக் காவலருடையது. முதல் பத்துப் பதினைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. அவர் 1984 இல் சேர்ந்தவர். ஒன்றுபட்ட தென்னார்க்காடு மாவட்டம் அது. முதல் ஏழு ஆண்டுகள் விழுப்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு 1991 இல் கடலூர் வந்தார். 1993 செப்டம்பர் 30 அன்று மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது ஆட்களைப் பிரித்தார்கள், ஜீப்புகளைப் பிரித்தார்கள், நாற்காலிகளைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

ஆகவே பண்ருட்டி வழியாக விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். மூன்று முறை போனேன். சென்னை மாகாணக் காலத்திலிருந்து நம் அலுவலகங்களில் நடப்பது டாட்டன்ஹாம் முறை என்ற கோப்புப் பராமரிப்பு முறை. கோப்பு முடிந்தால் அதன் ஆயுளையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம், டி.டிஸ் என்றால் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று ஆண்டு, எல்.டிஸ் ஓராண்டு. காவலரின் பணி வரன்முறைக் கோப்பு நிரந்தரமாக இருந்திருக்க வேண்டியது. எவரோ ஒருவர் மாலை ஐந்தே முக்கால் அவசரத்தில் அதை டி.டிஸ் என்று முடித்திருந்தார். பத்து ஆண்டு முடிந்ததும் விதிப்படி அழித்துவிட்டார்கள். அழித்தவர்மேல் தவறே இல்லை. ஓர் எழுத்து மாறியதற்கு ஒரு மனிதரின் ஏழு ஆண்டுகள் போயிருந்தன.

கடைசியில் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். அந்த அலுவலகத்தின் ஊதிய உயர்வுப் பதிவேடு ஒன்று, கறையான் ஓரத்தைத் தின்றது போக மீதி, ஒரு தலைமை எழுத்தரின் பிடிவாதத்தால் தப்பியிருந்தது. அதில் காவலரின் பெயர், வரன்முறை ஆணையின் எண், நாள், ஆண்டுதோறும் உயர்வு வழங்கிய தேதி எல்லாம் இருந்தன. அதன் நகலை அங்கேயே அலுவலரின் சான்றொப்பத்துடன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதிவேடு தொலைந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நியமனக் கோப்பையே தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஊதியப் பட்டியல், ஊதிய உயர்வுப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சேமநல நிதிக் கணக்குத்தாள், பொறுப்பேற்பு அறிக்கை என்று பக்கவாட்டில் தேடுங்கள். ஒருவரைப் பற்றிய உண்மை அலுவலகத்தில் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை.

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காவலரின் பதிவேட்டை மறு உருவாக்கம் செய்வதற்கான முன்மொழிவை எழுதி மேலலுவலகத்துக்கு அனுப்பிய இரண்டாம் மாதம் எனக்கு விருத்தாசலத்துக்கு மாறுதல் வந்தது. 2015 இல் பதவி உயர்வில் அதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது, அந்தக் கோப்பு அதே அலமாரியின் அதே தட்டில், நான் கட்டிய அதே நாடாவோடு இருந்தது. மேலலுவலகம் ஒரே ஒரு விளக்கம் கேட்டிருந்தது. அந்தக் கடிதத்தை யாரோ கோப்பில் சேர்த்திருந்தார்கள், பதில் எழுதவில்லை. எனக்குப் பின் அந்த இருக்கையில் மூன்று பேர் அமர்ந்து எழுந்திருந்தார்கள்.

கோபம் அவர்கள்மேல் வரவில்லை, என்மேல்தான் வந்தது. மாறுதல் ஆணை கையில் கிடைத்த அவசரத்தில் ‘கோப்புகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். அதற்குப் பிறகு நான் எந்த இருக்கையை விட்டுப் போனாலும் ஒப்படைப்புப் பட்டியலின் முதல் பக்கத்தில், ஒரு மனிதரின் பணம் அல்லது ஓய்வு தேதி மாட்டியிருக்கும் கோப்புகளைத் தனியாக எழுதினேன்: யாருடையது, எதற்காக நிற்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். எழுத்தர் தன் கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டில் அது எண்ணாக மட்டும் இருக்கும். பட்டியலில் பெயராக இருந்தால் அடுத்தவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

காவலர் போன்ற அடிப்படைப் பணியாளர்களுக்கு ஓய்வு வயது அப்போதே 60. காவலர் 2016 இல் ஓய்வு பெற்றார். மறு உருவாக்க ஆணை அப்போதும் வரவில்லை. மாதம் ஒருமுறை வருவார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். தான் இருபத்தைந்து வருடம் காவல் காத்த கட்டடத்துக்குள் செருப்பைக் கழற்றுவானேன் என்று கேட்டால் சிரிப்பார். “அம்மா, என் புத்தகம் எழுந்துவிட்டதா?” என்பார், நோயாளியை விசாரிப்பதுபோல. நல்லவேளையாக விதிகளில் தற்காலிக ஓய்வூதியத்துக்கு வழி இருக்கிறது. நடைமுறையில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதை முதலில் வாங்கிக் கொடுத்தோம். முழு ஆணை வரப் பதினான்கு மாதம் ஆனது.

அந்தப் பதினான்கு மாதத்தில்தான் எங்கள் அலுவலகத்தின் மீதிப் பதிவேடுகளையும் வரி வரியாகப் படித்தேன். புயல் செய்ததைவிட நாங்களே செய்தது அதிகம்.

சிலவற்றைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் பிற்பகல் விடுவிக்கப்பட்டவர், அடுத்த இடத்தில் எப்போது சேர்ந்தார் என்ற இடத்தில் தேதி மட்டும் இருக்கும். முற்பகலா பிற்பகலா என்று இருக்காது. அந்த அரை நாள் பணியேற்பிடைக் காலமா (புதிய இடத்தில் சேர அனுமதிக்கும் நாளா), விடுப்பா, பணி முறிவா என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்பார், பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். துறைத் தேர்வில் தேறினார் என்று எழுதியிருக்கும். தேர்வாணையத்தின் எந்த வெளியீடு, எந்த நாள் என்று இருக்காது. ஒரே பதவியில் இருப்பவருக்குத் தேர்வுநிலை ஊதியம் பத்தாம் ஆண்டிலும் சிறப்புநிலை ஊதியம் இருபதாம் ஆண்டிலும் வர வேண்டும். தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை ஏறாததால் இரண்டும் தள்ளிப்போயிருக்கும். இளநிலை உதவியாளர்கள் பலர் பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்குப் போய்வந்து சான்றிதழை வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள், பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இருக்காது. திருமணத்துக்கு முன் அம்மாவை நியமனதாரராகக் காட்டியவர், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் மாற்றியிருக்க மாட்டார். அவர் திடீரென்று இறந்துபோனால் மாமியாரும் மருமகளும் எங்கள் அலுவலக வராந்தாவில்தான் முதன்முதலாகச் சண்டை போடுவார்கள்.

பணியாளரிடம் ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பது பழைய விதி. நடைமுறையில் எழுத்தர் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டுவார், நாம் கையெழுத்துப் போடுவோம். ஒருநாளாவது உட்கார்ந்து படியுங்கள். ஆணை எண்ணும் நாளும் இல்லாத எந்தப் பதிவையும் பதிவாக எண்ணாதீர்கள். பிறந்த தேதியில் தவறு இருந்தால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு போய் அழுது பயனில்லை. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார்கள். இதைக் கடைசி ஆண்டில் தெரிந்துகொண்டு அதிர்ந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் உண்டு.

2003 இல் பணியில் இருந்தவர்களுக்கு ஒன்று. அந்த ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிறகு பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். நீக்கிய ஆணை சிலரது பதிவேட்டில் உடனே ஏறிவிட்டது. திரும்பச் சேர்த்ததும், அந்தக் காலத்தை முறைப்படுத்தியதும் ஏறவில்லை. கெட்ட செய்தியை எழுத எப்போதும் ஆள் இருக்கும்.

பிழைகள் ஏன் இவ்வளவு என்று என் பிரிவின் பழைய பணியிடப் பட்டியலை ஒருநாள் விரித்துப் பார்த்தேன். 2001 நவம்பர் 29 தேதியிட்ட 212 ஆம் எண் அரசாணை புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை நீடித்தது. நிதி நெருக்கடிதான் காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு ஓர் அலுவலகத்துக்குள் இளையவர் எவரும் நுழையாவிட்டால் என்ன ஆகும்? மூத்தவர் வாயால் சொல்லிக் காதால் வாங்கும் வேலை இது. கேட்கக் காது இல்லாமல் அந்த ஐந்து ஆண்டின் மூத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். என்னைவிடப் பத்து வயது இளைய எழுத்தர் என்று என் பிரிவில் வெகுகாலம் ஒருவருமே இல்லை. இருபது வயது இளையவர்கள் நேராக வந்தார்கள்.

பிறகு எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. 2020 மே மாதம் ஓய்வு வயது 58 இலிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். எனக்கு இரண்டு ஆண்டு கூடுதல் சம்பளம், சந்தோஷம்தான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு வயது முதிர்ந்து யாருமே வெளியே போகாததால் கீழே பதவி உயர்வு நின்றது. தேர்ந்தோர் பட்டியலில் முதல் பெயராக இருந்த ஓர் உதவியாளர் என்னிடம், “அக்கா, நீங்கள் நூறு வயது வாழ வேண்டும், ஆனால் அலுவலகத்தில் அல்ல” என்றார். 2022 மே மாதக் கடைசி நாளில் ஒரே நேரத்தில் மூன்று மாலைகள், மூன்று பிரிவுபசார உரைகள். ஜூன் முதல் தேதி ஒருவருக்கு மூன்று இருக்கைகளின் கூடுதல் பொறுப்பு. ஓய்வு வயதைக் கூட்டலாம், குறைக்கலாம். இருக்கையில் அடுத்து உட்காரப் போகிறவரை ஓராண்டு முன்னதாகப் பக்கத்தில் உட்கார வைக்க மட்டும் எந்த ஆணையும் சொல்லவில்லை. மேலே துறையின் பெயரே பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை என்பதிலிருந்து மனிதவள மேலாண்மைத் துறை என்று 2021 இல் மாறியது. எங்கள் கடிதத் தலைப்புகளைத் திருத்தினோம்.

கணினிக்கு வருகிறேன். 2019 வாக்கில் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், எங்கள் வாயில் ஐ.எப்.எச்.ஆர்.எம்.எஸ், பதிவேடுகளையெல்லாம் கணினிக்குள் ஏற்றியது. நான் அதை எதிர்த்தவள் இல்லை. தானே புயலுக்குப் பிறகு தாள் மேல் எனக்குக் காதல் எதுவும் மிச்சமில்லை. சம்பளப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கருவூலத்துக்கு அலைந்த காலம் போனதில் நிம்மதியும் உண்டு. ஆனால் புத்தகத்தில் இருந்த பிழை அப்படியே கணினிக்குப் போய், அங்கே அச்செழுத்தில் நின்றது. கையெழுத்துப் பிழையைப் பார்த்தால் சந்தேகம் வரும். திரையில் நேர்வரியாக நின்றால் வருவதில்லை. சரிபார்க்கக் கொடுத்த படிவங்களில் எங்கள் அலுவலகத்தார் பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். உணவு இடைவேளையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்!

நான் எல்லோரையும் திட்டிக்கொண்டே என் படிவத்தைக் கடைசியில் எடுத்தேன். 1994 இல் என் மகள் பிறந்தபோது எடுத்த 90 நாள் மகப்பேறு விடுப்பு, ஊதியமில்லா விடுப்பு என்று இருந்தது. கணினியில் ஏற்றியவர் தவறு என்று பாய்ந்து, புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் அப்படித்தான். விடுப்பு ஆணை ஏறவில்லை, எழுத்தர் காலியிடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பியிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள், என் கண் முன்னால், என் பூட்டு சாவிக்குள். அந்த விடுப்பு பின்னர் 2011 இல் ஆறு மாதமாகவும் 2016 இல் ஒன்பது மாதமாகவும் 2021 இல் ஓராண்டாகவும் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஆணையையும் நான்தான் பிரிவில் சுற்றுக்கு விட்டேன். என் தொண்ணூறு நாளுக்கு ஆதாரம் வீட்டு டிரங்குப் பெட்டியில், மகளின் தடுப்பூசி அட்டையோடு கிடந்த விடுப்பு ஆணையின் நகல்தான். அதைக் காட்டித் திருத்த நான்கு மாதம் பிடித்தது. எந்த ஆணை வந்தாலும் ஒரு நகல் வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கத்தை என் அப்பா, ரயில்வேக்காரர், சொல்லிக் கொடுத்திருந்தார்.

2003 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அவர்கள் பதிவேட்டோடு கணக்குத்தாளையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். மாறுதலான மாதத்திலும், ஊதிய நிலுவை வாங்கிய மாதத்திலும்தான் சந்தா விடுபடும். பிடித்த தொகை சம்பளச் சீட்டில் இருக்கும், கணக்கில் இருக்காது. அந்தச் சீட்டுகளை எறியாதீர்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013 சட்டத்தின் மூலம் தன் பொறுப்பில் எடுத்த பிறகு, உபரி என்று கணக்கிடப்பட்டவர்களைப் பல துறைகளுக்கும் அயற்பணியில் (வேறு அலுவலகத்தில் தற்காலிகப் பணியாக) அனுப்பினார்கள். எங்களிடமும் இருவர் வந்தார்கள். முதல் மாதம் அவர்களை விருந்தாளிபோல ஓரத்தில் உட்கார வைத்தோம், வெட்கத்தோடு சொல்கிறேன். அதில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் இருந்தவர். எண்களோடு பழகிய கை. எங்கள் விடுப்புக் கணக்குகள் அனைத்தையும், ஜனவரி ஒன்றும் ஜூலை ஒன்றும் வரவு வைக்கும் ஈட்டிய விடுப்பு உட்பட, ஆறு வாரத்தில் நேர்செய்தார். அவருடைய பணிப்பதிவேடு மட்டும் சிதம்பரத்தில் இருந்தது. தன் விடுப்பு அங்கே ஏறியதா என்று பார்க்க அவர் அரைநாள் விடுப்பு போட்டுப் போய்வந்தார்.

2022 அக்டோபரில் மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து 115 ஆம் எண் அரசாணை வந்தது. கீழ்நிலைப் பணிகளை வெளிமுகமைக்கு, அதாவது ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்களுக்கு, விடுவது பற்றி அது ஆராயும் என்றதும் சங்கங்கள் கொதித்தன. அடுத்த மாதமே அதன் ஆய்வு வரம்புகள் ரத்தாயின. எங்கள் சங்கக் கூட்டத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நானும் தின்றேன். ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தால் வாசலில் நின்றவர் முகமை அனுப்பிய காவலாளி. எங்கள் காவலர் 2016 இல் போன இடத்தை யாரும் நிரப்பவே இல்லை. அதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. இந்த இளைஞருக்குப் பணிப்பதிவேடு கிடையாது. எத்தனை நாள் வந்தார் என்பது முகமையின் ஒரு நோட்டில் இருக்கிறது. வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். கைபேசியில் அவர் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று எங்கள் இளநிலை உதவியாளர் பெண்தான் காட்டிக் கொடுத்தாள். இரண்டு மாதம் பணம் கட்டாமல் இருந்தார்கள். அவர் போய்க் கேட்டதும் கட்டினார்கள்.

அந்தப் பெண் பொறியியல் படித்தவள், தேர்வாணையத்தின் தொகுதி நான்கு (குரூப் 4) தேர்வில் தேறி வந்தாள். தொகுதி இரண்டுக்கும் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் ஆண்டில் போய்விட்டாள். இவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்று மற்ற கண்காணிப்பாளர்கள் இவர்களுக்கு எதுவும் சொல்லித் தருவதில்லை. நான் சொல்லித் தந்தேன். அவள் போகிற நாளில் தந்த ஒப்படைப்புப் பட்டியல் நான்கு பக்கம், முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள்.

என் ஓய்வூதியக் கருத்துருவை ஓராண்டுக்கு முன்பே தயாரிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேரை வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, சரிபார்த்தேன். ஓய்வூதியக் கொடுப்பாணையும் குறித்த காலத்தில் வந்தது. பெருமையோடு பிரித்தேன். தொகை சரி, தேதி சரி, மகப்பேறு விடுப்பு சரி. என் கணவர் பெயரின் தலைப்பெழுத்தில் ‘சு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ இருந்தது. நான் அனுப்பிய அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். படிவத்தை நிரப்பியது நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான். திங்கட்கிழமை திருத்த விண்ணப்பத்தோடு கருவூலத்துக்குப் போக வேண்டும். நீலக்கறுப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.